95 வீதம் என்ற எண்ணுக்குள் இருந்தது என்ன? முருங்கையிலைக் கப்சூல் ஒன்றின் ஆய்வுகூட நிகழ்வு ஆய்வு

பொருள்: காய்ந்த முருங்கையிலைத் தூள் நிரப்பிய கப்சூல், ஒவ்வொன்றிலும் 500 மி.கி., போத்தலுக்கு 60. இலை வலிகாமத்து வேலிகளிலும் தோட்டக் காணிகளிலும் ஒடித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, யாழ்ப்பாணத்திலேயே அரைத்தது. கப்சூலில் நிரப்பும் வேலை மட்டும் வெளியிடத்தில் உள்ள ஒரு நிரப்புனரிடம் கொடுக்கப்பட்டது. லேபலில் எழுதியிருந்த ஒரே உள்ளடக்கம் முருங்கையிலைத் தூள். பரிந்துரைத்த அளவு நாளுக்கு 6 கப்சூல்.

இது பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. அளவீட்டு எண்கள் கணக்கு ஓடும் வழியைக் காட்டவே முழு எண்களாக வைக்கப்பட்டுள்ளன. இரசாயனமும் செய்முறையும் ஆய்வுமேசையில் உள்ளபடியே.

தயாரிப்பாளரிடம் ஏற்கெனவே ஓர் அறிக்கை இருந்தது. முதல் தொகுதிக்கு “ஒட்சியேற்ற எதிர்ப்புச் செயல் 94 வீதம்”, இரண்டாம் தொகுதிக்கு 95 வீதம். வேறு ஒரு வரியும் இல்லை. அந்த 95ஐ லேபலில் பெரிய எழுத்தில் போடலாமா என்பதே அவர் கேள்வி. ஆய்வுகூடம் பதில் சொல்வதற்கு முன் இரண்டு பொருட்களைக் கேட்டது: இரண்டாம் தொகுதியில் திறக்காத 3 போத்தல்கள், அந்தத் தொகுதிக்கு அனுப்பிய அதே இலைத்தூளில் 200 கிராம். கடைசிப் பொருள் கிடைத்திருக்காவிட்டால் இந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும். கப்சூலை ஒப்பிட்டுப் பார்க்க அதே இலையைவிட நல்ல நியமம் இல்லை.

95 எப்படி வருகிறது

பழைய அறிக்கை டீபீபீஎச் முறையில் செய்தது. டீபீபீஎச் என்பது ஊதா நிறமுள்ள, ஓரளவு நிலையான ஒரு சுயாதீன மூலிகம் (சோடி சேராத இலத்திரன் கொண்ட மூலக்கூறு). 517 நனோமீற்றரில் ஒளியை உறிஞ்சும். இலத்திரனோ ஐதரசனோ கொடுக்கக்கூடிய பொருள் சேரும்போது ஊதா போய் மஞ்சளாகும். எவ்வளவு நிறம் போனது என்பதை வீதமாகச் சொல்வது வழக்கம்.

சிக்கல் அந்த வீதத்தில்தான். குழாயில் இருக்கும் டீபீபீஎச்சுக்கு ஓர் எல்லை உண்டு. 60 மைக்ரோமூலர் கரைசலில் 3.9 மி.லீ எடுத்தால் அதில் உள்ளது 0.234 மைக்ரோமூல். ஒப்பீட்டுக்கு நியமமாகப் பாவிக்கும் ட்ரோலொக்ஸின் மூலக்கூறு ஒன்று இரண்டு டீபீபீஎச்சை அணைக்கும், ஆகவே 0.117 மைக்ரோமூல் ட்ரோலொக்ஸுக்குச் சமமான எதுவும் அந்தக் குழாயை முடித்துவிடும். அதைவிட இரண்டு மடங்கு போட்டாலும் பத்து மடங்கு போட்டாலும் வாசிப்பு ஒன்றே. மிச்ச மஞ்சள் நிறமும் 517இல் கொஞ்சம் உறிஞ்சுவதால் 100 வராது. 93, 94, 95 என்று நின்றுவிடும். எனவே 95 என்ற வாசிப்புக்கு “மாதிரி போதியளவு நீர்க்கப்படவில்லை” என்பதே பொருள். இரண்டு தொகுதிகளும் ஒரே தரம் என்பதற்கும் அது சான்றில்லை. இந்த முறையில் நம்பத்தக்க பகுதி ஏறத்தாழ 20 முதல் 80 வீதம் வரை. மாதிரியை அந்த இடைவெளிக்குள் விழும்படி நீர்த்து, ட்ரோலொக்ஸ் வளையியுடன் (தெரிந்த அளவுகளை வாசித்து வரைந்த கோட்டுடன்) ஒப்பிட்டு, கிராமுக்கு இத்தனை மைக்ரோமூல் என்று சொல்ல வேண்டும்.

மாதிரி தயாரிப்பு

முதலில் தராசு. 20 கப்சூல்களைத் தனித்தனியே நிறுத்தனர். அமெரிக்க மருந்துநூலின் உணவுக் குறைநிரப்பிகளுக்கான விதிப்படி, முழுக் கப்சூல் ஒவ்வொன்றும் சராசரியின் 90 முதல் 110 வீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளீட்டைத் தனியே நிறுக்க வேண்டும். இங்கே எல்லாம் உள்ளே. உள்ளீட்டின் சராசரி 500 மி.கி. இது நல்ல செய்திதான், ஆனால் 500 மி.கி. என்ன என்பதைத் தராசு சொல்லாது.

20 கப்சூல்களின் தூளையும் கொட்டிக் கலந்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதை அரைத்து மறுபடி சேர்த்தனர். மிஞ்சியதை எறிந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இலைக்காம்பு சல்லடையில் தங்கும், இலைப்பரப்பு கீழே போகும், மாதிரி உண்மையைவிடச் செழிப்பாகத் தெரியும். ஈரப்பதனைத் தனியே அளந்து எல்லா முடிவுகளையும் உலர் நிறைக்கு மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த இலைத்தூள் மேசையிலேயே நிறை கூடும்.

டீபீபீஎச்சுக்கான பிரித்தெடுப்பு: 0.5 கிராம் தூள், 70 வீத மெதனோல் 50 மி.லீ, பனிக்கட்டியில் வைத்துக் குலுக்கி, மையநீக்கியில் சுழற்றி, இருளில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் வாசிப்பு. டீபீபீஎச் கையிருப்பு: 23.7 மி.கி.யை 100 மி.லீ மெதனோலில் கரைத்தால் 600 மைக்ரோமூலர். அதைப் பத்து மடங்கு நீர்த்து அன்றன்றே பாவிக்க வேண்டும். நீர்த்த கரைசல் 517இல் ஏறத்தாழ 0.7 காட்ட வேண்டும். 0.6க்குக் கீழே வந்தால் பழசு அல்லது நிறுத்ததில் பிழை.

குழாய் முன்கூட்டியே நீலமானது

மொத்தப் பொலிபீனோலுக்கு (இலையில் ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் பீனோல் வகைப் பொருட்களுக்கு) ஐஎஸ்ஓ 14502-1 என்ற சர்வதேச நியம முறையைப் பின்பற்றினர். தேயிலைக்காக எழுதியது, ஆனால் இலைத்தூளுக்கும் நன்றாகப் பொருந்தும்: 0.2 கிராம் தூளை 70 பாகை செல்சியஸில் 70 வீத மெதனோலால் இருமுறை பிரித்து 10 மி.லீ ஆக்குதல், நீர்த்த சாறு 1 மி.லீ, பீனோல்களோடு நீலமாகும் 10 வீதப் போலின்–சியோகால்ட்டு கரைசல் 5 மி.லீ, 3 முதல் 8 நிமிடத்துக்குள் 7.5 வீதச் சோடியம் காபனேற்று 4 மி.லீ, ஒரு மணி நேரம் வைத்து 765 நனோமீற்றரில் வாசிப்பு. தேயிலைக்கு 100 மடங்கு நீர்ப்பு. முருங்கைக்கு அது மிகை, 20 மடங்கு போதும்.

காபனேற்று ஊற்றுவதற்கு முந்திய அந்தச் சில நிமிடக் காத்திருப்பில்தான் வழக்கு திரும்பியது. இலைத்தூள்க் குழாய்கள் மஞ்சளாகவே நின்றன. கப்சூல்க் குழாய்கள் காபனேற்று சேர முன்பே நீலம் பாய்ந்தன.

பீனோல்கள் போலினுடன் விரைந்து தாக்கமுறுவது காரத்தில்தான், அதற்காகவே காபனேற்று. அமிலத்தில் உடனே நீலம் கொடுக்கும் பொருட்கள் சில: அஸ்கோபிக் அமிலம் (விற்றமின் சி), சல்பைற்று, இரும்பு (II) உப்பு போன்றவை. தானியங்கி வாசிப்பானில் தட்டுப் போட்டு முடிவெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. கப்சூலின் “மொத்தப் பொலிபீனோல்” இலையைவிட உயர்ந்தது என்று சந்தோஷமாக எழுதி அனுப்பியிருப்பார்கள்.

நேரத்தோடு பார்த்தல்

அடுத்து டீபீபீஎச்சை 30ஆவது நிமிடத்தில் ஒருமுறை வாசிப்பதை விட்டு, முதல் 2 நிமிடமும் 15 செக்கனுக்கு ஒருமுறை, பின்னர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்தனர். இலைச்சாறு 3 மடங்கு நீர்ப்பு, கப்சூல்ச் சாறு 15 மடங்கு. இரண்டும் 30 நிமிடத்தில் 40 வீதச் சொச்சத்தில் முடியும்படி.

இலைச்சாற்றில் முதல் நிமிடத்தில் பாதி வீழ்ச்சி, மீதி மெல்ல மெல்ல 30 நிமிடம் வரை, அதற்கப்பாலும் கொஞ்சம். இலையின் பீனோல்களான குளோரோஜெனிக் அமில வகைகளும் குவெர்செட்டின், கெம்ப்பெரோல் கிளைக்கோசைட்டுகளும் (சீனி இணைந்த வடிவங்களும்) அப்படித்தான் நடக்கும். கப்சூல்ச் சாற்றில் முதல் நிமிடத்திலேயே 90 வீத வீழ்ச்சி முடிந்து கோடு படுத்துவிட்டது. அஸ்கோபிக் அமிலத்தின் நடத்தை இது.

இன்னொரு அடையாளமும் கிடைத்தது. மதியம் அதே சாறுகளை மறுபடி வாசித்தபோது இலைச்சாறு ஏறத்தாழ அப்படியே இருந்தது. கப்சூல்ச் சாறு கணிசமாக இறங்கியிருந்தது. அமிலமூட்டாத சாற்றில், இலையிலிருந்து வந்த இரும்பும் செம்பும் கூட இருக்க, அஸ்கோபிக் அமிலம் சில மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. இங்கே ஒரு பொறி உண்டு: சாற்றைத் தாமதமாக வாசிக்கும் ஆய்வுகூடத்துக்கு இதே கப்சூல் சாதாரண இலையாகத் தெரியலாம்.

பிரித்தெடுத்து உறுதிசெய்தல்

சந்தேகம் வேறு, சான்று வேறு. பல கைநூல்கள் இந்த இடத்தில் பீவீபீபீ என்ற கரையாத பல்பகுதியத் தூளைச் சொல்லும்: பொலிபீனோலை அது பிடித்துக்கொள்ளும், மிஞ்சுவது மற்றவை. முருங்கைக்கு அது சரிவராது. பீவீபீபீ நன்றாகப் பிடிப்பது தனின்களை. முருங்கையில் அதிகம் உள்ள எளிய பீனோல்களும் கிளைக்கோசைட்டுகளும் பெருமளவு கரைசலிலேயே தங்கும். அதை நம்பினால் சுத்தமான இலையும் கலப்படமாகத் தெரியும்.

ஆகவே சி-18 திண்மநிலைப் பிரிப்புக் குழல் (நீரை விரும்பாத பொருட்களைப் பிடித்துவைக்கும் சிறு குழல்), 500 மி.கி. படுக்கை. மெதனோலாலும் பின் பீஎச் 2 நீராலும் நனைத்து, சாறு 1 மி.லீயை அதே அமில நீரில் 20 மி.லீ ஆக நீர்த்து மெதுவாக ஏற்றி, 5 மி.லீ அமில நீரால் கழுவினர். மெதனோல் 4 வீதத்துக்கு மேல் இருந்தால் பீனோல்கள் நழுவிப் போகும், நீர்ப்பது அதற்காக. அஸ்கோபிக் அமிலம் குழலில் ஒட்டாமல் வெளியேறும். பின்னர் மெதனோல் 5 மி.லீ ஊற்றினால் பீனோல்கள் இறங்கும். குளோரோஜெனிக் அமில நியமத்தை முதலில் ஓட்டி, அது கழுவு நீரில் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மாதிரியைத் தொட வேண்டும்.

முடிவு, கிராம் தூளுக்கு ட்ரோலொக்ஸ் சமமான மைக்ரோமூலில்: கப்சூலின் மொத்தம் 703; கழுவு நீரில் 561; மெதனோலில் 128. இரண்டையும் கூட்டினால் 689, அதாவது 98 வீத மீட்பு. இலைத்தூளின் மொத்தம் 150, அதில் பெரும்பகுதி மெதனோலில்.

அஸ்கோபிக் அமிலத்தை எச்பீஎல்சீயில் (கரைசலின் பொருட்களை நிரலொன்றில் பிரித்து அளக்கும் கருவியில்) அளந்தனர். இதற்கான பிரித்தெடுப்பு வேறு: 3 வீத மெற்றாபொஸ்பரிக் அமிலம், குளிர்ந்தது, நிறக் கண்ணாடிப் பாத்திரம். 245 நனோமீற்றர். சாதாரண சி-18 நிரலில் அஸ்கோபிக் அமிலம் கரைப்பான் முகப்போடு ஒட்டி முந்தி வந்துவிடும். நீர் தாங்கும் வகை நிரல் வேண்டும், உச்சியின் நிறமாலையையும் ஒப்பிட வேண்டும். மலிவு நிறங்காப்பியான எரித்தோபிக் அமிலம் இதன் திண்மச் சமபகுதியம் (அணுக்கள் ஒன்றே, வெளியில் அமையும் விதம் மட்டும் வேறு). டீபீபீஎச்சிலும் நியமிப்பிலும் (நிறம் மாறும்வரை துளித்துளியாக ஊற்றி அளப்பதிலும்) இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நிரலில்தான் பிரியும். கிடைத்தது அஸ்கோபிக் அமிலம், கிராமுக்கு 100 மி.கி.

எச்பீஎல்சீ இல்லாத இடத்தில் டைகுளோரோபீனோல் இந்தோபீனோல் நியமிப்புப் போதும். ஆனால் முருங்கைச் சாற்றின் பச்சை மஞ்சளில் 5 செக்கன் நிற்கும் இளஞ்சிவப்பைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். அயடீன் நியமிப்பு வேண்டாம், அது பொலிபீனோலையும் சேர்த்து எண்ணும்.

இலை உண்மையில் எவ்வளவு என்பதே கடைசிக் கேள்வி. 50 வீத மெதனோலில் 1.2 மூலர் ஐதரோகுளோரிக் அமிலம், 90 பாகையில் 2 மணி நேரம் மீள்கொதிப்பு; கிளைக்கோசைட்டுகள் உடைந்து, இங்கே இலையிலிருந்து மட்டுமே வரும் குவெர்செட்டின் தனியாகும்; 370 நனோமீற்றரில் அளவீடு. இலைத்தூளில் கிராமுக்கு 6.0 மி.கி., கப்சூலில் 5.4 மி.கி. அதாவது கப்சூல்த் தூளின் 90 வீதம் அதே இலை.

கணக்கு ஒத்துப்போகிறதா

அஸ்கோபிக் அமிலத்தின் மூலக்கூற்று நிறை 176.12. ஒரு மி.கி. என்றால் 5.68 மைக்ரோமூல். டீபீபீஎச்சோடு அதன் விகிதமும் ட்ரோலொக்ஸ் போலவே ஒன்றுக்கு இரண்டு. ஆகவே எண் அப்படியே மாறும். 500 மி.கி. கப்சூலில் 50 மி.கி. அஸ்கோபிக் அமிலம் தருவது 284 மைக்ரோமூல். மீதி 450 மி.கி. இலை, கிராமுக்கு 150 மைக்ரோமூல் என்ற கணக்கில், 67.5. கூட்டினால் கப்சூலுக்கு 351.5, கிராமுக்கு 703. அளந்ததும் அதே. செயலில் 81 வீதம் பத்தில் ஒரு பங்குப் பொருளுடையது.

இது இலையின் சொந்த விற்றமின் சீயாக இருக்க முடியாதா? பரவலாக எடுத்தாளப்படும் போசணை அட்டவணையில் 100 கிராம் பச்சை முருங்கையிலைக்கு 220 மி.கி., காய்ந்த தூளுக்கு 17.3 மி.கி. கப்சூலில் 100 கிராமுக்கு 10,000 மி.கி. இலைக்கு இலை வித்தியாசம் என்று எவ்வளவு தாராளமாக விட்டாலும் அந்த இடைவெளி நிரம்பாது.

பழைய 95இன் கதையும் இதில் விளங்கும். இலைச்சாற்றுக்கு ஏற்ற 3 மடங்கு நீர்ப்பில் கப்சூலைப் போட்டால், குழாயில் சேர்க்கும் 0.1 மி.லீ சாற்றில் 0.234 மைக்ரோமூல் ட்ரோலொக்ஸ் சமம் விழும். குழாய் தாங்குவதோ 0.117.

கவனிக்க வேண்டிய மற்றவை

இதே ஆய்வில் எஃப்ஆர்ஏபீ முறையையும் ஓட்டினர் (இரும்பு (III)ஐ இரும்பு (II) ஆக மாற்றும் திறனை அளப்பது; பீஎச் 3.6, 593 நனோமீற்றர்). முடிவு ஒத்தது, அதனால் நீட்டவில்லை. ஆனால் இரும்புச்சத்துச் சேர்த்த குளிசைகளுக்கு அந்த முறை ஆகவே ஆகாது: அது அளப்பது இரும்பு (II) உருவாவதை, அக்குளிசைகளில் சேர்க்கும் பெரசு பியூமரேற்று ஏற்கெனவே இரும்பு (II)தான். ஒரு ஒட்சியேற்ற எதிரியும் இல்லாமல் குழாய் கடும் நீலமாகும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய தொல்லை தண்ணீர். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. கண்ணாடிப் பாத்திரங்களைக் கிணற்று நீரில் அலசி அப்படியே காயவிட்டால், அல்லது வடிகலன் பொங்கி வழிந்தால், சோடியம் காபனேற்றுச் சேர்த்ததும் கல்சியம் காபனேற்று மெல்லிய மூட்டமாகப் படியும். 765இல் மூட்டமும் உறிஞ்சலாகவே எண்ணப்படும். முடிவு கூடும், அதுவும் குழாய்க்குக் குழாய் வேறாக. காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசுவதும், வாசிக்க முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் போதும். முருங்கையிலையே கல்சியம் நிறைந்தது என்பதால் நீர்ப்புக் குறைந்த சாறுகளில் மூட்டம் இலையிலிருந்தும் வரும்.

மொத்தப் பொலிபீனோலுக்கு நியமமாக வைக்கும் கலிக் அமிலத்தின் போத்தல் லேபலை வாசிக்க வேண்டும். ஒற்றை நீரேற்று என்றால் மூலக்கூற்று நிறை 188.14, நீரற்றது 170.12. முன்னதை நிறுத்துப் பின்னதாகக் கணக்கிட்டால் எல்லா மாதிரிகளும் ஏறத்தாழ 10.6 வீதம் கூடித் தெரியும். யாரும் சந்தேகப்படாத அளவு நேர்த்தியான பிழை.

நண்பகல் வெப்பத்தில் மூடாத கியுவெட்டில் மெதனோல் ஆவியாகும். டீபீபீஎச் செறிந்து, வீழ்ச்சி குறைவாகத் தெரியும். மூடியுள்ள கியுவெட்டும், கூடவே ஓடும் வெற்றும் (மாதிரி சேர்க்காத ஒப்பீட்டுக் கரைசலும்) வேண்டும். மாதிரியின் சொந்த நிறத்துக்கு டீபீபீஎச் இல்லாத மாதிரி வெற்றும் வேண்டும். முருங்கைக்கு அது சிறியது, பீற்றூட் அல்லது நாவற்பழத் தூளுக்கு அதை விட்டால் முடிவே தலைகீழ்.

அறிக்கையும் பின்நடப்பும்

நிரப்புனரிடம் கேட்டபோது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பச்சை நிறம் மங்காமல் இருக்க இலைத்தூள் எல்லாவற்றுக்கும் 10 வீதம் அஸ்கோபிக் அமிலம் சேர்ப்பது அவரது வழக்கமான கலவை. தயாரிப்பாளருக்குத் தெரியாது, லேபலிலும் இல்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகச் சொல்ல ஆய்வுகூடத்திடம் எதுவும் இல்லை, அறிக்கையிலும் அப்படி எழுதவில்லை. எழுதியது: கப்சூல் ஒன்றில் முருங்கையிலைத் தூள் 450 மி.கி., லேபலில் குறிப்பிடாத அஸ்கோபிக் அமிலம் 50 மி.கி.; ஒட்சியேற்ற எதிர்ப்பு அளவு இலைக்கும் சேர்த்த பொருளுக்கும் தனித்தனியே; முறை, நீர்ப்பு, வாசித்த நேரம்.

50 மி.கி. விற்றமின் சீயால் என்ன கேடு என்று கேட்கலாம். நாளுக்கு 6 கப்சூல் என்றால் 300 மி.கி.; வளர்ந்தவருக்கு மேலெல்லையாக அமெரிக்காவில் வைத்துள்ள 2,000 மி.கி.க்கு வெகு கீழே. ஆனால் இங்கே முருங்கையிலைக் கப்சூலை வாங்குபவர்களில் பலர் சலரோகக்காரர். சிறுநீரில் விற்றமின் சி கூடினால் சோதனைப் பட்டி சீனியையும் இரத்தத்தையும் குறைத்துக் காட்டக்கூடும். சிறுநீரகக் கல் உள்ளவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய விடயம். லேபலில் இருந்தால் மருத்துவர் கேட்டறிவார்.

பெரிய எழுத்து எண் பற்றி: எந்த எண்ணும் வேண்டாம் என்றே ஆலோசனை. குழாயில் நடக்கும் நிறமாற்றம் உடலில் நடப்பதைச் சொல்லாது. அமெரிக்க வேளாண் திணைக்களம் உணவுகளின் ஓஆர்ஏசீ (ஒட்சியேற்ற எதிர்ப்பைக் குழாயில் அளக்கும் இன்னொரு எண்) அட்டவணையை 2012இல் தன் தளத்திலிருந்து அகற்றியதும் இத்தகைய எண்கள் விளம்பரத்துக்குப் போனதால்தான். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 20 மி.கி. பீற்றா கரோட்டீன் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. குழாயில் நல்லது உடலுக்கும் நல்லதாகவே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

தயாரிப்பாளருக்கு இருந்த வழிகள் இரண்டு. அமிலத்தை வெளிப்படையாக லேபலில் எழுதினால், அது விற்றமின் சேர்த்த பொருளாகிவிடும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் எல்லைநிலைப் பொருட்களுக்குள் (உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்டவற்றுக்குள்) வருமா என்று விற்பனைக்கு முன் கேட்டுத் தெளிய வேண்டும். காலாவதி நாள் வரை அந்த 50 மி.கி. நிற்கிறதா என்ற நிலைப்புச் சோதனையும் வேண்டும், அது லேசானதல்ல: ஜெலற்றின் ஓட்டிலேயே 13 முதல் 16 வீதம் நீர், உள்ளே இரும்புள்ள இலைத்தூள், வெளியே மாரிகால ஈரம். தூளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது முதல் அறிகுறி. அவர் மற்ற வழியை எடுத்தார், அமிலத்தை நிறுத்தும்படி சொன்னார். நிரப்பல் உத்தரவில் “வேறு எதுவும் சேர்க்கக் கூடாது” என்ற வரியும், அனுப்பிய தூளில் 200 கிராமை முத்திரையிட்டு வைப்பதும் சேர்ந்தன.

திரும்பி வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விரைவுச் சோதனை வகுக்கப்பட்டது. 0.5 கிராம் கப்சூல்த் தூளை 50 மி.லீ 3 வீத மெற்றாபொஸ்பரிக் அமிலத்தில் 2 நிமிடம் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிநீர் 1 மி.லீயில் 0.025 வீத இந்தோபீனோல்ச் சாயம் 1 மி.லீ ஊற்ற வேண்டும். வைத்திருந்த இலைத்தூளுக்கும் அதேபோல். 10 வீதம் அமிலம் கலந்த தூளின் வடிநீர் 6 மி.லீக்கு மேல் சாயத்தை விழுங்கக்கூடியது; 1 மி.லீ ஊற்றிய கணமே நிறம் போய்விடும். சுத்தமான இலையில் இளஞ்சிவப்பு நிற்கும். 15 செக்கனுக்குள் பார்த்து எழுத வேண்டும். அதற்குமேல் விட்டால் இலையின் பீனோல்களும் சாயத்தை மெல்ல வெளுக்கத் தொடங்கும்.